ஃப்ரெட் கீனர்: எல்லாரையும் விட கம்மியா கோல் வாங்கின டீம் ஏன் கடைசி இடத்துக்கு போச்சு?

1928-29 இங்கிலீஷ் ஃபர்ஸ்ட் டிவிஷன் (அப்போ அங்க மேல்மட்ட ஃபுட்பால் லீக்) டேபிள எடுத்து மேலருந்து கீழ வரைக்கும் ஒரு தடவை படிங்க. மொத்தம் 22 டீம், ஆளுக்கு 42 மேட்ச். இதுல யாரு கம்மியா கோல் வாங்கியிருக்காங்கன்னு தேடினா கார்டிஃப் சிட்டி வருது, வேல்ஸ்ல இருந்து வந்து இங்கிலீஷ் லீக்ல ஆடுற டீம், 59 கோல் தான். அந்த வருஷம் சாம்பியன் ஆன டீம் கூட அதை விட கூட தான் வாங்கியிருக்கு. சரி, கார்டிஃப் எந்த இடத்துல முடிச்சாங்கன்னு பார்த்தா 22வது இடம். கடைசி. ரிலிகேட் ஆகி செகண்ட் டிவிஷனுக்கு போயிட்டாங்க. ரெண்டே வருஷம் முன்னாடி லண்டன் வெம்பிளி மைதானத்துல எஃப்ஏ கப் (இங்கிலாந்தோட பெரிய நாக்அவுட் கோப்பை) தூக்கின அதே டீம், கேப்டனும் அதே ஆள்.

அந்த கேப்டன் பேரு ஃப்ரெட் கீனர். வேல்ஸ்ல முரட்டு டிஃபெண்டர்னு பேச்சு எடுத்தா பழைய ஆளுங்க முதல்ல சொல்ற பேரு இதுதான். இவரோட முழு கதையையும் ஒரு கேஸ் மாதிரி எடுத்து பார்க்கணும்னு எனக்கு ரொம்ப நாளா ஆசை. ஏன்னா பின்னாடி நின்னு காக்குற ஒருத்தனால ஒரு டீம எவ்வளவு தூரம் தாங்க முடியும், எந்த இடத்துல அவனால முடியாம போகும்ங்கறது இவரோட வாழ்க்கைல தெரியற மாதிரி வேற யாரோட வாழ்க்கைலயும் எனக்கு தெரிஞ்சதில்லை.

கீனர் பிறந்தது 1894 ஜூலை 31, கார்டிஃப்ல ரோத் பக்கம். கட்டட வேலை செய்யற அப்பா, நிறைய பிள்ளைங்க இருக்குற வீடு. அந்த ஊரு அப்போ நிலக்கரியால ஓடுன ஊரு, 1913ல மட்டும் அந்த துறைமுகத்துல இருந்து ஒரு கோடி டன்னுக்கு மேல கரி கப்பல் ஏறிச்சு. இதை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும். 1912ல கார்டிஃப் சிட்டில சேர்ந்தார், அப்போ அந்த கிளப் ஃபுட்பால் லீக்லயே இல்லை, சதர்ன் லீக்ல ஆடிட்டு இருந்துச்சு. அவங்க மைதானம் நினியன் பார்க், குப்பை கொட்டுற இடமா இருந்ததை சுத்தம் பண்ணி 1910ல திறந்தது. 1913 கடைசில கீனர் முதல் மேட்ச் ஆடுறார், அடுத்த வருஷமே முதல் உலகப் போர் வந்துருது.

1914 டிசம்பர்ல லண்டன் ஃபுல்ஹம் டவுன் ஹால்ல கூட்டம் போட்டு ஃபுட்பால் ஆட்டக்காரங்களுக்குன்னே ஒரு ராணுவ பட்டாலியன் ஆரம்பிச்சாங்க, மிடில்செக்ஸ் ரெஜிமென்ட்டோட 17வது பட்டாலியன். கீனர் அதுல சேர்ந்தார். பின்னாடி வுல்வ்ஸ் கிளப் மேனேஜரா பேரு வாங்கின ஃப்ராங்க் பக்லி, ஆபிசரா ஆன கருப்பின ஆட்டக்காரர் வால்டர் டல் எல்லாம் அதே பட்டாலியன் தான். 1916ல பிரான்ஸ்ல நடந்த சோம் சண்டைக்கு போனாங்க. அங்க கீனருக்கு கால்ல குண்டுச் சிதறல் பாஞ்சு, காலையே எடுக்கணுமோங்கற அளவுக்கு நிலைமை போயிருச்சு. 22 வயசு, கால வச்சு பிழைக்கிறவன், ஆஸ்பத்திரில மாசக்கணக்கா படுத்து கிடந்துட்டு எழுந்திரிக்கிறார். நினியன் பார்க்குக்கு பேரு குடுத்த நினியன் கிரிக்டன் ஸ்டூவர்ட் அதுக்கு ஒரு வருஷம் முன்னாடியே 1915ல லூஸ் சண்டைல செத்துட்டார். அப்போ இருந்த ஊரோட நிலைமை அது, மைதானத்துக்கு பேரு குடுத்தவரும் திரும்பி வரல, அதுல ஆடுனவங்கள்லயும் பல பேர் திரும்பி வரல.

போர் முடிஞ்சதும் உடனே கிளப் கூப்பிட்டு சம்பளம் குடுத்துச்சுன்னு நினைக்காதீங்க. கேஸ் கம்பெனில வேலை, வீடு வீடா பால் ஊத்துற வேலைன்னு பார்த்துட்டு தான் மறுபடி மைதானத்துக்கு வந்தார். என்னை கேட்டா கீனரோட முரட்டுத்தனம் எங்கருந்து வந்துச்சுங்கறதுக்கு பதில் இந்த மூணு நாலு வருஷத்துல இருக்கு. ஆளு ஒண்ணும் மலை மாதிரி இல்லை, 5 அடி 7 அங்குலம் பக்கம் தான் உயரம். வேகமும் பெருசா இல்லை. டேக்கிள் மட்டும் கல்லு மாதிரி, உள்ள போனா பந்தோட தான் வருவார், இல்லன்னா எதிராளிய கீழ படுக்க வச்சுட்டு வருவார். கூடவே வாய் ஓயாது, மைதானம் முழுக்க கத்திக்கிட்டே இருப்பார், சொந்த டீம் ஆளையே திட்டுவார். அப்போ இருந்த பந்து தோல் பந்து, மழைல நனைஞ்சா கனமாயிடும், ஷூ கணுக்கால் வரைக்கும் வரும், ஆள் அடிபட்டா மாத்து ஆள் கிடையாது. அந்த மாதிரி ஆட்டத்துக்குன்னே செஞ்ச உடம்பு அவருக்கு.

இங்க அவரோட பொசிஷன் பத்தி கொஞ்சம் சொல்லணும், இல்லன்னா டிஃபெண்டர்னு சொல்றதே சில பேருக்கு குழப்பமா இருக்கும். அந்த காலத்துல பின்னாடி 2 ஃபுல் பேக், நடுவுல 3 ஹாஃப் பேக், முன்னாடி 5 ஃபார்வர்டுன்னு ஆடுவாங்க. கீனர் ஹாஃப் பேக். அதுல நடுவுல நிக்கிற சென்டர் ஹாஃபா நிறைய ஆடியிருக்கார், பக்கவாட்டுலயும் ஆடியிருக்கார். சென்டர் ஹாஃப்னா இன்னைக்கு நாம நினைக்கிற மாதிரி கடைசில நிக்கிறவர் இல்லை, தடுக்கவும் செய்யணும், பந்தை எடுத்து முன்னாடி குடுக்கவும் செய்யணும். 1925 வரைக்கும் ஆஃப்சைட் விதி என்னன்னா, பந்து வர்றப்போ ஃபார்வர்டுக்கும் கோல் லைனுக்கும் நடுவுல 3 எதிராளிங்க இருக்கணும். அந்த வருஷம் அதை 2 ஆக்கினாங்க. ஒரே சீசன்ல ஃபர்ஸ்ட் டிவிஷன்ல விழுந்த மொத்த கோல் 1,192ல இருந்து 1,703க்கு ஏறிச்சு. டீம் எல்லாம் அலறி அடிச்சு சென்டர் ஹாஃப பின்னாடி இழுத்து, ரெண்டு ஃபுல் பேக்குக்கு நடுவுல மூணாவது ஆளா நிறுத்த ஆரம்பிச்சாங்க. இன்னைக்கு சென்டர் பேக்னு சொல்றது அங்கருந்து பிறந்தது தான். இந்த மாற்றம் நடந்தப்போ கீனருக்கு 31 வயசு. பழைய மாதிரி ஆடி பழகின ஒருத்தர் அந்த வயசுல, விதியே மாறின பிறகும், டீமுக்கு தேவைப்படுற ஆளாவே இருந்தார்ங்கறது சின்ன விஷயம் இல்லை.

1920ல கார்டிஃப் லீக்குக்குள்ள வந்து செகண்ட் டிவிஷன்ல சேர்றாங்க, 1921லயே ஃபர்ஸ்ட் டிவிஷனுக்கு ஏறிட்டாங்க. மேனேஜர் ஃப்ரெட் ஸ்டூவர்ட். அடுத்து 1923-24. கடைசி நாள் 1924 மே 3, கார்டிஃப் முதல் இடத்துல இருக்காங்க, பர்மிங்ஹம் கூட பர்மிங்ஹம் மைதானத்துலயே மேட்ச், ஜெயிச்சா சாம்பியன். 0-0ல போயிட்டு இருக்கறப்போ பெனால்ட்டி கிடைக்குது, லென் டேவிஸ் அடிக்கிறார், கோல்கீப்பர் தடுத்துட்டார், மேட்ச் 0-0லயே முடிஞ்சுது. அதே நேரம் ரெண்டாவது இடத்துல இருந்த ஹடர்ஸ்ஃபீல்ட் அவங்க மேட்ச்ல 3-0ன்னு ஜெயிக்கிறாங்க. ரெண்டு டீமும் 57 பாயிண்ட். அப்போ கோல் வித்தியாசம் பார்க்குற பழக்கம் இல்லை, அடிச்ச கோல வாங்கின கோலால வகுத்து பார்ப்பாங்க. ஹடர்ஸ்ஃபீல்ட் 60க்கு 33, கார்டிஃப் 61க்கு 34. வகுத்தா 1.818, 1.794. வித்தியாசம் 0.024. இன்னைக்கு கணக்குப்படி பார்த்தா ரெண்டு பேருக்கும் வித்தியாசம் +27, கூட கோல் அடிச்ச கார்டிஃப் தான் சாம்பியன் ஆகியிருக்கும்.

எல்லாரும் டேவிஸ் விட்ட பெனால்ட்டிய தான் பேசுவாங்க. நான் இன்னொரு கணக்கு போட்டு பார்த்தேன். அந்த சீசன் முழுக்க கார்டிஃப் வாங்கின 34 கோல்ல ஒண்ணே ஒண்ண தடுத்திருந்தா 61க்கு 33, அதாவது 1.848, எந்த பெனால்ட்டியும் இல்லாமலே கோப்பை வந்திருக்கும். பின்னாடி நிக்கிறவங்களுக்கு இந்த கணக்கு தான் தூக்கத்தை கெடுக்கும். ஹடர்ஸ்ஃபீல்டுக்கு அப்போ மேனேஜர் ஹெர்பர்ட் சாப்மன், அவர் பேரு இந்த கதைல மறுபடி வரும்.

1925ல முதல் தடவையா எஃப்ஏ கப் ஃபைனல். ஷெஃபீல்ட் யுனைடெட் கிட்ட 1-0 தோல்வி. ஹாஃப் பேக் ஹாரி வேக் ஒரு நொடி தயங்கினார், ஃப்ரெட் டன்ஸ்டால் பந்தை எடுத்துட்டு போய் கோல் போட்டுட்டார், அவ்வளவு தான். தோத்ததுல கேவலம் ஒண்ணும் இல்லை, சீக்கிரமே இந்த கோப்பைய வேல்ஸுக்கு கொண்டு வருவோம்னு கீனர் சொன்னதா சொல்றாங்க. தோத்த அன்னைக்கு எல்லா கேப்டனும் இப்படித்தான் ஏதாவது சொல்லுவாங்க. இவர் சொன்னதை செஞ்சார்.

1926-27 ஒண்ணும் நல்ல சீசன் இல்லை. லீக்ல 14வது இடம். ஊர்ல நிலைமை அதை விட மோசம், 1926 மே மாசம் பொது வேலைநிறுத்தம் முடிஞ்ச பிறகும் சுரங்கத்த பூட்டி தொழிலாளிங்கள மாசக்கணக்கா உள்ள விடாம வச்சாங்க, தெற்கு வேல்ஸ் பள்ளத்தாக்குல பல வீட்ல அடுப்பு எரியல. கார்டிஃப் மேட்ச் பார்க்க வர்ற கூட்டத்துல பெரிய பங்கு அந்த பள்ளத்தாக்கு ஊர்ல இருந்து வர்றது தான். அந்த நேரத்துல கப் ஓட்டம் ஆரம்பிக்குது. ஆஸ்டன் வில்லா 2-1, டார்லிங்டன் 2-0, அப்புறம் போன வருஷம் கப் ஜெயிச்ச போல்டன அவங்க ஊர்லயே 2-0, செல்சி கூட 0-0, மறு மேட்ச்ல 3-2, செமி ஃபைனல்ல ரெடிங் 3-0. ஃபைனல் வரைக்கும் 6 மேட்ச்ல வாங்கினது 3 கோல்.

1927 ஏப்ரல் 23, வெம்பிளி, 90,000க்கு மேல கூட்டம், எதிர்ல ஆர்சனல், அவங்க மேனேஜர் அதே சாப்மன். ரேடியோல நேரடி வர்ணனை வந்த முதல் எஃப்ஏ கப் ஃபைனல் இதுதான், வேல்ஸ்ல ரேடியோ இருக்குற வீடு, கடை எல்லாத்துலயும் ஆளுங்க கூடி கேட்டிருக்காங்க. கார்டிஃப் 11ல வேல்ஸ் காரங்க 3 பேரு தான், கீனர், லென் டேவிஸ், 19 வயசு எர்னி கர்டிஸ். மத்தவங்கள்ல 4 ஐரிஷ், 3 ஸ்காட், ஒரு இங்கிலீஷ் காரர். போன ஃபைனல்ல தயங்கின ஹாரி வேக் அடிபட்டு வெளிய உட்கார்ந்துட்டார், அவருக்கு பதிலா தான் கர்டிஸ் வந்தார்.

மேட்ச் பார்க்க அழகா இருந்துச்சுன்னு யாரும் எழுதல. ஆர்சனல் தான் கூட நேரம் பந்து வச்சிருந்தாங்க. அவங்க கேப்டன் சார்லி பக்கன், சாப்மனோட கூட சேர்ந்து ஆட்ட முறையவே யோசிச்சு மாத்தின ஆளு. கீனர் அன்னைக்கு வலது ஹாஃப், நடுவுல டாம் ஸ்லோன், இடது பக்கம் பில்லி ஹார்டி. இந்த மூணு பேரும் சேர்ந்து பக்கனையும் மத்தவங்களையும் கோல் பக்கம் ஒழுங்கா வர விடல. 74வது நிமிஷம் ஹியூகி ஃபெர்குசன் ஒரு ஷாட் அடிக்கிறார், பெரிய ஷாட் கூட இல்லை, தரையோட போன பந்து. ஆர்சனல் கோல்கீப்பர் டேன் லூயிஸ் குனிஞ்சு பிடிச்சுட்டார்னு தான் எல்லாரும் நினைச்சாங்க, பந்து நழுவிருச்சு, டேவிஸ் ஓடி வர்றதை பார்த்து அவசரமா திரும்பி எடுக்க போனப்போ முழங்கை பட்டு பந்து லைன தாண்டி உள்ள போயிருச்சு. 1-0. லூயிஸ் யாருன்னா ரோண்டா பள்ளத்தாக்குல மெர்டி ஊர்க்காரர், அவரும் வேல்ஸுக்கு ஆடுறவர். மேட்ச் முடிஞ்சு மெடல தூக்கி எறிஞ்சுட்டார், கூட ஆடுனவங்க தான் எடுத்து குடுத்தாங்க. அவருக்கு இன்னொரு ஃபைனல் கிடைக்கவே இல்லை. அந்த இடத்த படிக்கிறப்போ எனக்கு இன்னமும் மனசு கஷ்டமா இருக்கும்.

மிச்சம் இருந்த கால் மணி நேரம் கார்டிஃப் பின்னாடி நின்னு தாங்கினாங்க. கீனருக்கு வேணும்னே செஞ்சு வச்ச மாதிரி கால் மணி நேரம் அது. விசில் அடிச்சதும் கோப்பை வேல்ஸுக்கு. எஃப்ஏ கப் இங்கிலாந்த விட்டு வெளிய போனது அன்னைக்கு ஒரு தடவை தான், இன்னைக்கு வரைக்கும். 2008ல கார்டிஃப் மறுபடி ஃபைனல் போனாங்க, போர்ட்ஸ்மத் கிட்ட 1-0ன்னு தோத்துட்டாங்க. 1927ல கோப்பையோட கார்டிஃப் ஸ்டேஷன்ல இறங்கினப்போ தெருவுல லட்சத்துக்கும் மேல ஜனம் நின்னுச்சுன்னு அப்போ பேப்பர்ல கணக்கு சொன்னாங்க.

இப்போ ஆரம்பிச்ச கேள்விக்கு வருவோம். 1928 செப்டம்பர் 1, பர்ன்லி கூட மேட்ச், கார்டிஃப் 7-0ன்னு அடிக்கிறாங்க, ஃபெர்குசன் மட்டும் 5 கோல். அந்த சீசன் முழுக்க 42 மேட்ச்ல கார்டிஃப் அடிச்சது 43 கோல். இந்த 7ஐ கழிச்சா மிச்ச 41 மேட்ச்ல 36. அதாவது ஒரு மேட்ச்சுக்கு ஒரு கோல் கூட இல்லை. அந்த கணக்குல டீம் நிக்கணும்னா பின்னாடி இருக்குறவங்க வாரா வாரம் ஒரு கோல் கூட விடாம இருக்கணும். லீக்லயே நல்ல டிஃபென்ஸ் வச்சிருந்தும் அதனால தான் கீழ போனாங்க. முன்னாடி ஏன் வத்திப் போச்சுன்னா, ஃபெர்குசனுக்கு அடிக்கடி அடிபட்டது ஒண்ணு, பழைய ஆளுங்க வயசாகி போக போக அந்த தரத்துல புது ஆள வாங்காதது இன்னொண்ணு. கப் ஜெயிச்ச பணத்துல 1928ல மைதானத்தோட கிரேஞ்ச்டவுன் பக்கம் பெரிய கூரை போட்டாங்க. கூரைக்கு கீழ நிக்க வேண்டிய ஜனத்துகிட்ட டிக்கெட்டுக்கு காசு இல்லாம போயிட்டு இருந்துச்சு, கரி வியாபாரம் படுத்தா தெற்கு வேல்ஸ்ல எல்லாமே படுத்துரும். கிளப் நடத்துனவங்க டீம்ல பணம் போட்டிருக்கணும்ங்கறது தான் என் தீர்மானமான கருத்து, 1927 டீம் ஏற்கனவே வயசான டீம், ஒரு கோப்பைய பார்த்து அதை இளமைன்னு நம்பிட்டாங்க. ஃபெர்குசன் 1929ல ஸ்காட்லாந்துல டண்டீ டீமுக்கு போனார், அங்க ஆட்டம் அமையாம மனசு ஒடஞ்சு 1930 ஜனவரில தன் உயிரை தானே முடிச்சுகிட்டார்.

கீனர் மட்டும் விட்டுட்டு போகல. செகண்ட் டிவிஷன்லயும் ஆடினார். இந்த காலத்துல நடந்தது தான் எனக்கு அவரோட வாழ்க்கைல வெம்பிளிய விட பெரிய நாள்னு தோணும். 1930 அக்டோபர் 25, கிளாஸ்கோ ஐப்ராக்ஸ்ல ஸ்காட்லாந்து கூட வேல்ஸ் மேட்ச். இங்கிலீஷ் லீக் கிளப்புங்க வேல்ஸ் ஆட்டக்காரங்கள விட மாட்டேன்னுட்டாங்க. வேல்ஸ் ஃபுட்பால் சங்க செக்ரட்டரி டெட் ராபின்ஸ் கீழ் டிவிஷன், லீக்குக்கு வெளிய இருக்குற டீம்னு தேடி தேடி ஆள் சேர்த்தார், பெரும்பாலானவங்களுக்கு அதுதான் முதல் சர்வதேச மேட்ச். பேப்பர்ல கீனரும் பேர் தெரியாத 10 பேரும்னு பேரு வச்சாங்க. கேப்டனுக்கு வயசு 36. எத்தனை கோல்ல தோப்பாங்கங்கறது தான் எல்லாருக்கும் கேள்வி.

அவங்களும் 11 பேரு, நாமளும் 11 பேரு, பந்து ஒண்ணு தான், அது நம்மளோடதுன்னு கீனர் பசங்க கிட்ட சொன்னதா சொல்லுவாங்க. ஆரம்பத்துலயே ரெக்ஸம் ஆட்டக்காரர் டாமி பாம்ஃபோர்ட், அவருக்கும் முதல் மேட்ச், கோல் அடிச்சுட்டார். அப்புறம் ஸ்காட்லாந்து ஒண்ணு அடிச்சு சமன் பண்ணாங்க. மிச்ச நேரம் முழுக்க அந்த பெரிய மைதானத்துல, ஸ்காட்லாந்து கூட்டத்துக்கு நடுவுல, ஒரே டீமா சேர்ந்து ஆடியே இராத 11 பேர் 1-1ஐ விடாம காப்பாத்திட்டு வந்தாங்க. அந்த 10 பேருக்கும் எங்க நிக்கணும், யாரை பிடிக்கணும்னு கத்தி கத்தி சொல்லிக்கிட்டே ஆடினது கீனர் தான். அவர் வாய் ஓயாம கத்துறதை குறையா சொன்னவங்க உண்டு, அன்னைக்கு அந்த கத்தல் இல்லன்னா டீமே இல்லை.

1931ல கார்டிஃப் மறுபடி ரிலிகேட் ஆகி மூணாவது டிவிஷனுக்கு போனப்போ கீனர் வெளிய வந்தார், 19 வருஷம் ஆச்சு அவர் சேர்ந்து. க்ரூ அலெக்சாண்ட்ரா போய் அங்கருந்துகிட்டே வேல்ஸுக்கு 1932 வரைக்கும் ஆடினார், மொத்தம் 32 மேட்ச். அந்த காலத்துல வருஷத்துக்கு வேல்ஸுக்கு 3 மேட்ச் தான், நடுவுல 4 வருஷத்த போர் தின்னுருச்சு, அப்படி பார்த்தா 32ங்கறது பெரிய எண்ணிக்கை. அப்புறம் ஆஸ்வெஸ்ட்ரி, டன்பிரிட்ஜ் வெல்ஸ்னு சின்ன டீம்கள்.

பணம் என்ன ஆச்சுன்னு கேக்காதீங்க, பணமே இல்லை. 1922ல இருந்து இங்கிலீஷ் லீக்ல சம்பளத்துக்கு உச்சவரம்பு, சீசன்ல வாரம் 8 பவுண்ட், கோடைல 6. வெம்பிளில 90,000 பேர் டிக்கெட் வாங்கினாலும் கேப்டனுக்கு அதுக்கு மேல சம்பளம் கிடையாது. கிளப் விடலன்னா வேற கிளப்புக்கும் போக முடியாது, காண்ட்ராக்ட் முடிஞ்சாலும் கிளப் கைல தான் பேரு. அதனால ஆட்டம் முடிஞ்ச அன்னைக்கு இந்த மாதிரி ஆளுங்க கைல உடம்பு மட்டும் தான் மிச்சம். கீனர் கென்ட் பக்கம் லேம்பர்ஹர்ஸ்ட்ல கோழிப் பண்ணை வச்சு பிழைச்சார். 1958ல கார்டிஃப் திரும்பினார், அப்போ 60 வயசு தாண்டியாச்சு, கட்டட வேலைல கூலி ஆளா சேர்ந்தார். சோம்ல அடிபட்ட அதே காலோட, அப்பா பார்த்த அதே தொழில்ல, அவர் கோப்பையோட வந்து இறங்கின அதே ஊர்ல. அவர் கூட செங்கல் தூக்கின சின்ன பசங்கள்ல எத்தனை பேருக்கு இவர் யாருன்னு தெரிஞ்சிருக்கும்னு நான் அடிக்கடி யோசிப்பேன்.

1972 அக்டோபர் 19 செத்துப் போனார், 78 வயசு. 2012 நவம்பர்ல கார்டிஃப் சிட்டி ஸ்டேடியம் வெளிய அவருக்கு சிலை வச்சாங்க, ரசிகருங்க பணம் திரட்டி வச்ச சிலை அது. கைல எஃப்ஏ கப்.